மலாக்காத் தோட்டங்களும் ஜாக்கியின் பெயரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவின் குதிரைப் பந்தயச் சுற்று சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்ற நான்கு மைதானங்களைச் சுற்றி வந்தது. ஒரு வாரம் ஓர் ஊரில் ஓடிய குதிரைகள் அடுத்த சில வாரங்களில் ரயிலோ லாரியோ ஏறி வேறோர் ஊருக்குப் போகும். குதிரையோடு பயிற்சியாளரும் ஜாக்கியும் லாயக்காரர்களும் போவார்கள். மலாக்கா அந்தச் சுற்றில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தள்ளி, இரண்டுக்கும் நடுவே கிடந்த மாநிலம் அது. ஆகவே மலாக்காவின் தோட்டங்களிலும் பட்டணத்திலும் இருந்து ரேஸ் கட்டிய தமிழர், தாம் பணம் போட்ட குதிரையைப் பெரும்பாலும் கண்ணால் கண்டதில்லை. அதன் கால் எப்படி இருக்கிறது, மேனி மினுமினுக்கிறதா, காலை ஓட்டத்தில் எப்படி மூச்சு வாங்கியது என்பதெல்லாம் மைதானத்தின் வேலி ஓரம் நிற்பவனுக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவனிடம் வந்து சேர்ந்தவை பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயர்களிலும் குதிரைகளின் பெயர் மூன்று நான்கு ஆண்டில் மறைந்துவிடும். ஜாக்கியின் பெயர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிற்கும். பந்தயத்தில் ஜாக்கிக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்ற கேள்வி உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் குதிரையைக் காணாமல் கட்டியவர்களின் ஊரில் அந்தக் கேள்வி வேறு கனம் பெற்றது.

மலாக்காத் தமிழரின் வரலாறு குதிரைப் பந்தயத்தைவிடப் பன்மடங்கு பழையது. மலாக்கா சுல்தான்கள் காலத்து வணிகத்தில் வேர்விட்ட செட்டிச் சமூகம் காஜா பெராங்கில் இன்றும் இருக்கிறது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவர்களுடையது. தோட்டத் தமிழர் வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, ரப்பரோடு. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நட்டவர் டான் சே யான். அடுத்து புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் ரப்பர் நடப்பட்டது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்கள் முழுக்கத் தோட்டங்கள் விரிய, கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து லயங்களில் குடியேறினர்.

1896 என்ற அந்த ஆண்டைக் குதிரைப் பந்தய வரலாறும் மறக்க முடியாது. சிலாங்கூர் டர்ஃப் கிளப் தொடங்கியது அதே ஆண்டு. மலாயாவின் கிளப்புகளை ஒரே விதிமுறைக்குள் கொண்டுவந்த நீரிணைப் பந்தயச் சங்கம் உருவானதும் அதே ஆண்டு. கடலுக்கு அப்பால் கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்ததும் 1896தான். ரப்பரும் ரேஸும் ஒரே காலத்துப் பிள்ளைகள். இரண்டையும் வளர்த்த கைகளும் பெரும்பாலும் ஒன்றே, தோட்டத் துரைமாரும் வெள்ளை வணிகரும்.

அதற்கு முன்பே பந்தயங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. சிங்கப்பூரில் 1842இல் ஒரு கிளப் அமைந்து, 1843 பிப்ரவரியில் ஃபேரர் பார்க்கில் முதல் பந்தயம் ஓடியது. பரிசு 150 வெள்ளி. பினாங்கில் 1864இலும் பேராக்கில் 1886இலும் கிளப்புகள் வந்தன. அந்த நாட்களில் குதிரை மேல் உட்கார்ந்தவர் கூலிக்கு ஓட்டும் ஜாக்கி அல்லர். ராணுவ அதிகாரியோ வணிக நிறுவனத்து இளைஞரோ தோட்டத் துரையோதான் சவாரி செய்தார். எடையும் கூடுதல், பயிற்சியும் குறைவு. ஆஸ்திரேலியாவிலிருந்து மொத்தமாகக் கப்பலில் இறக்கிய, இதுவரை ஓடிப் பார்க்காத குதிரைகளை ‘கிரிஃபின்’ என்பார்கள். சந்தா கட்டிய உறுப்பினர்கள் குலுக்கல் போட்டு அவற்றைப் பிரித்துக்கொள்வார்கள். குதிரையின் திறம் யாருக்கும் தெரியாது. விலையும் ஏறத்தாழ ஒன்றே. அப்படிப்பட்ட பந்தயத்தில் பார்வையாளர் எடை போடக்கூடிய ஒரே பொருள் மேலே இருப்பவரின் கை. ஜாக்கியைப் பார்த்துக் கட்டும் பழக்கம் மலாயாவில் வேர்கொண்டதற்கு இந்தக் கிரிஃபின் பந்தயங்களும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சவாரி முறையே மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்கர் டாட் ஸ்லோன் 1890களின் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்து, கால்வளையத்தைக் குட்டையாக்கி, குதிரையின் கழுத்தோடு குனிந்து ஓட்டிக் காட்டினார். குரங்கு உட்கார்வது போல இருக்கிறது என்று முதலில் சிரித்தார்கள். சில ஆண்டுகளில் எல்லோரும் அப்படியே ஓட்டத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்தின் மதிப்பை 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. குனிந்து நிற்கும் ஜாக்கி தன் முழங்காலை வில்லாக்கி, குதிரை ஏறி இறங்கும்போது தன் உடல் அதோடு சேர்ந்து ஆடாமல் பார்த்துக்கொள்கிறார். குதிரை அவர் எடையைச் சுமக்கிறது. ஆனால் ஒவ்வொரு எட்டிலும் அதைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியதில்லை. இந்த உட்காரும் முறை பரவிய 1890 முதல் 1910 வரையான காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன என்பது அந்த ஆய்வின் கணக்கு. வேறெந்தக் காலத்திலும் ஜாக்கியின் பங்கு இவ்வளவு துலக்கமாக எண்ணில் வெளிப்பட்டதில்லை. எல்லா ஜாக்கிகளும் அதைக் கற்றுக்கொண்ட பிறகு, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே இருந்த இந்த வித்தியாசம் மறைந்துபோனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மலாயாவில் கனவான்களின் இடத்தைத் தொழில்முறை ஜாக்கிகள் பிடித்தனர். பெரும்பாலோர் ஆஸ்திரேலியர். லாயங்களில் குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, காலையில் நடத்திக் காட்டியவர்களோ பாவியன் தீவிலிருந்து வந்த போயான் மக்களும் மலாய்க்காரரும் இந்தியரும். குதிரையைப் பற்றி எவரையும்விட நன்றாக அறிந்தவர் லாயக்கார சயிஸ்தான். அவர் பெயர் பந்தயத் தாளில் வருவதில்லை.

தோட்டத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது ரேஸ் அன்று, சுவீப் டிக்கெட். டர்ஃப் கிளப்புகள் பெரிய பந்தயங்களை ஒட்டி நடத்திய இந்தப் பரிசுச் சீட்டின் விலை 1 வெள்ளி. 1920களின் பிற்பகுதியில் தோட்டத் தொழிலாளிக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு அளவில் இருந்தது. பின்னர் ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. ஒரு டிக்கெட் என்றால் ஆணுக்கு இரண்டு நாள், பெண்ணுக்கு இரண்டரை நாள் பால்வெட்டு. இந்தக் கணக்கை மறந்துவிட்டு, தோட்ட மக்களைச் சூதாடிகள் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. ஊருக்குத் திரும்ப ஒரு கப்பல் சீட்டு, அடமானத்தில் கிடக்கும் ஒரு துண்டு நிலம், தங்கையின் கல்யாணம் என எதையும் தோட்டச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்ய முடியாத நிலையில், அந்த ஒரு வெள்ளிக்கு வேறொரு பொருள் இருந்தது.

சுவீப்பின் நடைமுறை எளிது. விற்ற சீட்டுகளிலிருந்து, பந்தயத்தில் பெயர் கொடுத்த ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சீட்டு குலுக்கி எடுக்கப்படும். அந்தக் குதிரை முதலில் வந்தால் சீட்டுக்காரருக்கு முதல் பரிசு; இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்த பரிசுகள்; ஓடித் தோற்ற குதிரைகளின் சீட்டுக்கும் சிறு தொகை உண்டு. சீட்டு வாங்கும்போது ஜாக்கியையோ குதிரையையோ தேர்ந்தெடுக்க வழியில்லை. குலுக்கலில் குதிரை விழுந்த பிறகுதான் அந்தக் குதிரையின் மேல் யார் ஏறப் போகிறார் என்ற பதைப்பு வரும். அதற்குள் எதையும் மாற்ற முடியாது. எல்லாமும் ஜாக்கியின் கையில், கட்டியவருக்குத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை. சுவீப் என்பது இதுதான்.

டோட் வேறு வகை. பாரிசில் 1867இல் ஜோசப் ஒல்லே தொடங்கிய முறை இது. ஒரு பந்தயத்துக்குக் கட்டிய பணம் முழுவதும் ஒரே உண்டியலில் சேரும். கிளப்பின் பங்கும் வரியும் எடுத்தபின் மிச்சம், வென்ற குதிரைக்குக் கட்டியவர்களுக்குள் பிரியும். ஆகவே ஒவ்வொருவரும் கட்டுவது கிளப்பை எதிர்த்து அன்று, மற்றக் கட்டுநர்களை எதிர்த்து. மலாயாவில் நெடுங்காலம் 5 வெள்ளி டிக்கெட்டே டோட்டின் அளவு. தோட்டத்தில் ஒருவர் தனியாக அதைக் கட்டுவது அரிது. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்தால் ஒரு டிக்கெட் வாங்கலாம். அதற்கு முதலில் மைதானத்துக்குப் போக வேண்டும். மலாக்காப் பட்டணத்திலிருந்து தம்பினுக்கு 1905இல் போட்ட கிளை ரயில்பாதை, கோலாலம்பூர்–சிங்கப்பூர்ப் பெரும் பாதையில் கொண்டுபோய் இணைத்தது. ஜப்பானியர் தம் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பிடுங்கிச் சென்றனர். போர் முடிந்தும் அது திரும்பப் போடப்படவில்லை. அதன்பின் பட்டணத்திலிருந்து பேருந்தேறித் தம்பினுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். விடியுமுன் ஆட்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, மதியம்வரை மரம் வெட்டி, பால் நிறுத்துத் திரும்பும் ஆளுக்குச் சனிக்கிழமை மாலைப் பந்தயம் எட்டாத தூரம்.

ஆகவே செய்தித்தாள்தான் மைதானம். பந்தயப் பக்கம் ஆங்கிலத் தாள்களில் விரிவாக வரும். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ தாளில் எப்சம் ஜீப் என்ற புனைபெயரில் வந்த பந்தயக் குறிப்புகள் மலாயா முழுக்கப் புகழ்பெற்றவை. தோட்டத்தில் ஆங்கிலம் படித்தவர் ஆபீஸ் கிராணியார். மலையாளியோ யாழ்ப்பாணத் தமிழரோ, யாராயினும் அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் இடத்தில் அவர்தான் இருந்தார். அங்கே அச்சாகி இருப்பது குதிரையின் பெயர், சுமக்கும் எடை, நிற்கும் கூண்டு எண், முன் ஓட்டங்களின் விவரம், ஜாக்கியின் பெயர். இவற்றுள் காதில் விழுந்தவுடன் நினைவில் ஒட்டிக்கொள்வது கடைசி ஒன்றுதான். 1950களில் மலாயாவில் முன்னணியில் இருந்த ஆஸ்திரேலியர் கார்னெட் பூகூர் போன்றவர்களின் பெயர், குதிரையையே பார்த்திராதவர்களின் வாயிலும் புழங்கியது அப்படித்தான். அந்தப் பெயரின் பின்னால் உண்மையான திறமை இருந்தது என்பதை ஐயுற வேண்டாம். மலாயாவிலிருந்து அயர்லாந்துக்குப் போன பூகூர் 1963இல் ரகூசா என்ற குதிரையில் ஐரிஷ் டெர்பியையும் இங்கிலாந்தின் செயின்ட் லெஜரையும் வென்றார்.

அப்படியானால் மேலே இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? பந்தயக் குதிரை ஏறக்குறைய 500 கிலோ. ஜாக்கி அதில் பத்தில் ஒரு பங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை தன் உடல் நீளத்தைக் கடக்க ஒரு வினாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போதும். முதல் மூன்று குதிரைகளுக்கு இடையே அரை வினாடிகூட இல்லாத பந்தயங்கள் அன்றாடம். அந்த அளவில்தான் ஜாக்கி வேலை செய்கிறார். வளைவில் உள்வேலியை ஒட்டி ஓடுவதற்கும் ஒரு மீட்டர் வெளியே ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம். அரைவட்டமாகத் திரும்பும் வளைவு முழுவதும் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 3 மீட்டருக்கும் சற்று மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். இது வடிவக் கணிதம், வாதத்துக்கு இடமில்லை. ஒரு குதிரை நீளம் ஏறத்தாழ 2.4 மீட்டர். மூன்றாவது தடத்தில் வெளியே மாட்டிக்கொண்ட குதிரை, ஓடுவதில் ஒரு குறையும் இல்லாமலே இரண்டு மூன்று நீளம் தோற்றுவிடும். நல்ல ஜாக்கி தொடக்கத்திலேயே குதிரையை உள்ளே கொண்டுவந்து, கடைசியில் வெளியேற வழியும் வைத்துக்கொள்வார். உள்ளே அடைபட்டு வழி கிடைக்காமல் போகும் அபாயமும் அவர் தலையில்தான்.

வேகத்தைப் பகிர்ந்து செலவழிப்பது அடுத்த வேலை. முதல் 600 மீட்டரில் அவசரப்பட்ட குதிரை கடைசி 200 மீட்டரில் நடக்கும். மலாயாவின் மாலை மழைக்குப் பிறகு புல்தரை சேறாகும்போது உள்வேலிப் பக்கம் மிதிபட்டுக் குழைந்துவிடும். நடுத்தரை உறுதியாக இருக்கும். உள்ளே ஓடினால் தூரம் குறைவு, வெளியே ஓடினால் தரை நல்லது. அந்த மைதானத்தில் ஆண்டுக்கணக்காக ஓட்டியவர் இந்த முடிவைச் சரியாக எடுப்பார். வந்திறங்கிய வாரத்திலேயே ஓட்டும் வெளிநாட்டுப் புகழாளர் தடுமாறக்கூடும்.

எடை வேறொரு கதை. ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமான குதிரைக்குக் கூடுதல் எடை, பலவீனமானதற்குக் குறைந்த எடை. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஒரு நீளத்துக்குச் சமம் என்பது பந்தயக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. பயிற்சி ஜாக்கிப் பையனுக்கு அவன் வென்ற எண்ணிக்கையைப் பொறுத்துச் சில கிலோ சலுகை உண்டு. சலுகை 3 கிலோ என்றால் வாய்ப்பாட்டின்படி இரண்டு நீளம் முன்கூட்டியே கையில் இருக்கிறது. பெரிய ஜாக்கி தன் சாமர்த்தியத்தால் அந்த இரண்டு நீளத்தைவிட அதிகம் சம்பாதிக்கிறாரா என்பதே கேள்வி. குறுந்தூரப் பந்தயத்தில் பெரும்பாலும் இல்லை. நெரிசலான நெடுந்தூரப் பந்தயத்தில் உண்டு. கைதேர்ந்த பையன் சலுகையை இழக்குமுன் சில மாதங்கள் இருக்கும். எடையும் குறைவு, திறமையும் வந்துவிட்டது என்ற அந்த இடைவெளியே ஜாக்கியைப் பார்த்துக் கட்டுவதில் மிகவும் பயன்தரும் காலம்.

ஜாக்கியின் மேல் வைத்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தப் பகுதியின் பந்தய உலகத்தில் வளர்ந்த ஒருவரே சான்று. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் ஐவன் ஆலன். 1972இல் எலிசபெத் ராணி சிங்கப்பூர் வந்தபோது புக்கிட் தீமா மைதானத்தில் அவர் பெயரால் ஒரு கோப்பைப் பந்தயம் நடந்தது. ஆலன் பயிற்சி கொடுத்த ஜம்போ ஜெட் வென்றது. மேலே இருந்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பிகட். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஆலன் இங்கிலாந்தில் காமான்ச்சி ரன் என்ற குதிரையின் உரிமையாளர். 1984 செயின்ட் லெஜர் பந்தயத்தின்போது அந்தக் குதிரை இருந்த லாயத்தின் சொந்த ஜாக்கியாக இருந்தவர் அமெரிக்கர் டாரல் மெக்கார்க். ஆலன் பிகட்டையே ஏற்ற வேண்டும் என்று நின்றார். மெக்கார்க் சவாரியை இழந்தார். காமான்ச்சி ரன் ஒரு கழுத்து நீளத்தில் வென்றது. இங்கிலாந்தின் ஐம்பெரும் பந்தயங்களில் பிகட்டுக்கு அது 28ஆவது வெற்றி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் தாண்டாத ஃபிராங்க் பக்கிளின் 27 அன்று முறிந்தது. கழுத்து நீளம் என்றால் குதிரை நீளத்தில் ஒரு சிறு பகுதி. மெக்கார்க் ஏறியிருந்தால் தோற்றிருக்குமா? நிறுவ வழியில்லை. ஆனால் அவ்வளவு சிறு வித்தியாசத்தில் தீர்வாகும் பந்தயத்தில், குதிரையின் சொந்தக்காரர் ஜாக்கியைப் பற்றிக் கவலைப்பட்டதில் பிழை காண முடியாது.

சொந்தக்காரரின் கணக்கும் கட்டுநரின் கணக்கும் ஒன்றல்ல. சொந்தக்காரருக்கு வெற்றி வேண்டும். கட்டுநருக்கு வெற்றியோடு விலையும் வேண்டும். பேர்பெற்ற ஜாக்கி ஏறினால் எல்லோரும் அந்தக் குதிரைக்குக் கட்டுவார்கள். டோட்டில் பங்கு சிறுக்கும். ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். பெரிய ஜாக்கி 100 சவாரியில் 20 வெல்கிறார், வென்றபோது 5 வெள்ளிக்குச் சராசரி 22 வெள்ளி வருகிறது என்றால், 500 வெள்ளி கட்டியவர் கையில் 440 நிற்கும். பெயரில்லாத பையன் 100இல் 7தான் வெல்கிறான், வென்றபோது சராசரி 75 வெள்ளி என்றால் 525 திரும்பும். அடிக்கடி ஜெயித்தவர் இழக்கிறார். அபூர்வமாக ஜெயித்தவர் மிச்சம் பார்க்கிறார். ஜாக்கியின் திறமை பொய்யில்லை. அந்தத் திறமைக்குக் கூட்டம் முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டது.

அதிலும் ஒரு மயக்கம் உண்டு. வெற்றிப் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு நல்ல குதிரைகளே சவாரிக்கு வரும். பயிற்சியாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஒரே பந்தயத்தில் மூன்று குதிரைகள் கேட்டால் சிறந்ததை அவர் தேர்வார். அவருடைய 20 வெற்றிகளில் எத்தனை அவருடையவை, எத்தனை குதிரையுடையவை என்பதைப் பட்டியல் பிரித்துக் காட்டாது. தூரத்தில் இருந்து பட்டியலை மட்டும் படிப்பவர் முழுவதையும் ஜாக்கியின் கணக்கில் எழுதிவிடுகிறார். 2013 செப்டம்பர் 6 அன்று சிங்கப்பூர் கிராஞ்சியில் பிரேசில் நாட்டு ஜாக்கி ஜோவாவ் மொரெய்ரா எட்டுப் பந்தயங்களில் ஏறி எட்டிலும் வென்றார். அப்படியொரு இரவைக் கண்டபின் ஜாக்கிதான் எல்லாம் என்று சொல்லாமல் இருப்பது கடினம். ஆனால் அவர் ஏறுகிறார் என்ற செய்தியே விலையை இறக்கிவிடும். யாருக்கும் தெரியாத திறமைக்குத்தான் டோட்டில் காசு உண்டு.

மலாக்காத் தோட்டங்களுக்கு டோட்டைவிட அருகில் இருந்தவர், தனியாகப் பணயம் வாங்கும் புக்கி. 1953இன் பந்தயச் சட்டம் அவரைச் சட்டவிரோதமாக்கியது; 1961இல் டோட்டலைசேட்டர் வாரியம் சட்டத்தால் அமைந்தது. இருந்தும் புக்கியிடம் டோட்டில் இல்லாத ஒன்று இருந்தது: கடன். கையில் காசில்லாமலும் கட்டலாம், சம்பள நாளில் தீர்க்கலாம், 5 வெள்ளிக்குக் குறைவாகவும் வைக்கலாம், கொஞ்சம் தள்ளுபடியும் கிடைக்கும். சம்பளம் கைக்கு வருமுன்பே அதில் பங்கு போட்டுக்கொண்டவர்களின் வரிசையில் மளிகைக் கடையும் கள்ளுக்கடையும் ஏற்கெனவே நின்றன. புக்கியும் சேர்ந்துகொண்டார். இதில் பட்டினி கிடந்தவர்கள் கட்டியவரல்லர், அவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்.

புக்கியின் வழியே ஜாக்கியைப் பற்றிய மற்றொரு நம்பிக்கையும் வந்தது. எந்தக் குதிரை தோற்க வேண்டும் என்று பெரும் புக்கிகள் தீர்மானித்து, ஜாக்கியைக் கொண்டு கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கச் செய்கிறார்கள் என்பது அது. உலகின் எல்லாப் பந்தயங்களையும் போல மலாயாவிலும் இத்தகைய குற்றங்கள் விசாரணைக்கு வந்து ஜாக்கிகள் தடைபெற்றது உண்டு. ஆயினும் மைதானத்தில் இருப்பவர் குதிரை அடைபட்டதையோ நொண்டியதையோ நேரில் பார்க்கிறார். தோட்டத்தில் இருப்பவருக்குத் தெரிவது மறுநாள் தாளில் வரும் வரிசை எண் மட்டுமே. ‘ஜாக்கி இழுத்துட்டான்’ என்ற இரண்டு சொல் அந்த இருட்டை நிரப்பியது. ஜெயித்தால் ஜாக்கியின் கைராசி, தோற்றால் ஜாக்கியின் துரோகம். குதிரையும் தரையும் எடையும் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

பந்தயம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி சென்னையில் நீதிமன்றப் படியேறியது. குதிரைப் பந்தயப் பணயத்தைத் தடை செய்யத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரி 12 அன்று வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டச் சூது அன்று என்றது. குதிரையின் வம்சமும் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும் அலசி அறியத்தக்கவை என்ற வாதத்தின் மேல்தான் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. அலசி அறியும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அங்கே எழவில்லை. கிண்டி வேலியோரம் காலை ஐந்து மணிக்கு நிற்பவருக்கும், ஜாசின் பக்கத்து லயத்தில் கிராணியார் படிக்கக் கேட்பவருக்கும் அந்தத் திறமை ஒரே அளவில் கைகூடாது.

மலாக்காவில் பின்னர் நடந்தது அதைத்தான் காட்டுகிறது. 1960களின் இறுதியில் மேக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ ஆகிய எண் ஆட்ட நிறுவனங்கள் உரிமம் பெற்று வந்தன. டர்ஃப் கிளப்புகளின் பெயரால் நடந்த எண் ஆட்டத்தை 1988இல் பான் மலேசியன் பூல்ஸ் ஏற்றது. நாலு நம்பர் ஆட்டத்துக்கு மைதானம் வேண்டாம், ஆங்கிலத் தாள் வேண்டாம். சின்னத் தொகைக்கும் வாங்கலாம், மலாக்காப் பட்டணத்தின் கடையிலேயே வாங்கலாம். விபத்தில் சிக்கிய காரின் பதிவு எண், கனவில் வந்த பாம்பு, கோயில் மரத்தடியில் கேட்ட வாக்கு என்று ஊகிக்கும் வழிகள் மாறின. ஜாக்கியின் பெயர் இருந்த இடத்துக்கு நான்கு இலக்கங்கள் வந்தன. குதிரையைக் காணாமல் கட்டிப் பழகியவர்களுக்குக் குதிரையே இல்லாமல் கட்டுவது பெரிய மாற்றமாகத் தோன்றியிருக்காது.

பான் மலேசியன் பூல்ஸின் பின்னால் இருந்த ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த இலங்கைத் தமிழ் வம்சாவளியினர். அம்பாங் சாலையில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பழைய மைதானம் இருந்த நிலத்தை நகர மையமாக மாற்றும் திட்டத்திலும் அவர் முதன்மையானவர். கிளப் 1993இல் சுங்கை பெசிக்கு இடம்பெயர்ந்தது. குதிரைகள் ஓடிய இடத்தில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. அதே காலத்தில் மலாக்காவிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. லயங்கள் காலியாகி, மக்கள் மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் பட்டணங்களின் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பந்தயச் சுற்றும் சுருங்கிவிட்டது. 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி, சிங்கப்பூரின் 181 ஆண்டுப் பந்தய வரலாறு முடிந்தது. 2025 மே 31 அன்று பினாங்கும் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. சுங்கை பெசியும் ஈப்போவும் எஞ்சின. கிராஞ்சியில் ஓடிய குதிரைகளில் சில மலேசிய லாயங்களுக்கு வந்தன, அவற்றை ஓட்டிய ஜாக்கிகளில் சிலரும் வந்தார்கள். சுங்கை பெசி மைதானம் மலாக்கா எல்லையிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டும் தூரத்தில் இருக்கிறது.